வறட்சி 'எக்ஸ்போஷர்' – தமிழில் என்ன போடுவது? (வெள்ளிக்கிழமைக்குள்)

வெள்ளவத்தையிலிருந்து, செவ்வாய் இரவு

வணக்கம். இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிடும் அறிக்கை ஒன்றின் சுருக்கம் என் மேசையில் கிடக்கிறது. நீண்டகால வறட்சி எந்தப் பரப்பில், எத்தனை பேர் தலைமேல் நிற்கிறது, மண்ணின் ஈரம் எப்படி மாறிவந்தது என்பதுதான் விஷயம். சிங்களப் பிரதி அச்சுக்குப் போய்விட்டது. வழக்கம்போல் தமிழுக்குத்தான் நாள் போதாது.

இரண்டு சொல் இடிக்கிறது. நம் பாடநூலில் ஈரப்பதன் என்றால் காற்றில் உள்ளது. சாரீரப்பதன் (காற்றின் ஒப்பு ஈரம்) படித்த பிள்ளைக்கு மண்ணுக்கும் அதையே கொடுப்பதா? மற்றது 'எக்ஸ்போஷர்'. இடருக்குச் சொல் இருக்கிறது, ஊறுபடுதன்மைக்கும் இருக்கிறது. நடுவிலுள்ள இது மட்டும் அநாதை. வறட்சி வரும் இடத்தில் இருப்பது மட்டும்தான் இது, பாதிக்கப்படுவது வேறு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலும் பக்கத்து மானாவாரி வயலும் ஒரே வறட்சியில்தான் கிடக்கின்றன, அடி மட்டும் ஒன்றல்ல. சிங்களத்தில் 'நிராவரணய' என்று போட்டிருக்கிறார்கள். நாம் நிராவரணம் என்று போட்டால் வாசிப்பவர் கண்ணுக்கு நிர்வாணம்தான் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து

மண் ஈரப்பதம், வறட்சி வெளிப்பாடு. எங்கள் பக்கம் இவைதான் புழக்கத்தில் இருக்கின்றன. இதற்கு ஏன் இத்தனை பாடு?

தெஹிவளையிலிருந்து

தம்பி, வறட்சி வெளிப்பாடு என்றால் வறட்சிதான் வெளிப்படுகிறது. 'வறட்சிக்கு' என்பதிலுள்ள உருபு தொக்கதும் வறட்சி எழுவாயாகிவிட்டது, மனிதரைக் காணோம். இருபது வருடம் வகுப்பில் தொகை நடத்தியவள் சொல்கிறேன். 'வறட்சிக்கு முகங்கொடுத்தல்' என்று போடுங்கள். வானொலிச் செய்தியில் தினமும் கேட்கிறோம், எல்லாருக்கும் புரியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

டீச்சர் மன்னிக்கவேண்டும். முகங்கொடுத்தல் தமிழா? சிங்களத்து 'முஹுண தெனவா'வுக்குத் தமிழ்ச் சட்டை போட்டது. எதிர்கொள்ளல் என்று நல்ல சொல் இருக்கிறது. ஆனால் எதிர்கொள்பவன் ஏதோ செய்கிறான். இங்கே ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருக்கிறார்கள். ஆக அதுவும் சரிவராது.

மண்ணீரத்துக்கு வருவோம். 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' என்கிறது குறள். தொடி ஒரு பலம், கஃசு கால் பலம். உழுத புழுதியை நாலில் ஒன்றாகக் காயவிடும் கணக்கு இது. மண்ணின் ஈரத்தை நிறைபோட்டுப் பேசிய ஒருவர் நம்மிடம் இருக்க, நாம் ஈரப்பதனா ஈரப்பதமா என்று நிற்கிறோம்! உணங்கு, உணக்கு, உணக்கல்... ஈரக்குறைவுக்கு 'மண் உணக்கம்' என்றே வைக்கலாம். நீண்டகால வறட்சிக்கு வற்கடம் இருக்கிறது. பாண்டிநாட்டில் பன்னீரியாண்டு வற்கடம் சென்றது என்று இறையனார் களவியல் உரை சொல்லும். இந்தக் கரையிலும் அநுராதபுர மன்னன் வட்டகாமணி அபயன் காலத்துப் 'பெமினிதியா சாய' பன்னிரண்டு வருடப் பஞ்சம் என்றே சொல்கிறார்கள். கடலுக்கு இருபுறமும் அதே பன்னிரண்டு! ஒப்பீட்டு அறிக்கைக்கு முன்னுரையே இதுதான்.

நாரஹேன்பிட்டியிலிருந்து

மாஸ்டர், வற்கடம் என்றால் எங்கள் கமநல (விவசாயச் சேவை) நிலையத்தில் கடன் பற்றிய விண்ணப்பம் என்று நினைப்பார்கள்.

எங்கள் ஐயா கிளிநொச்சியில் விதைப்புக்கு முன் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். விரலை விரித்ததும் உருண்டை உதிர்ந்தால் 'பதமில்லை' என்பார். விரல் ரேகை அதில் பதிந்து நின்றால் அன்று உழவு. ஆகவே பதம் என்பது ஈரத்தின் அளவு அல்ல, வேலைக்குத் தோதான நிலை. செய்மதி அளப்பது அதுவல்ல. 2015இல் ஏவிய ஸ்மாப் மேல்மண்ணில் 5 சென்றிமீற்றர்தான் பார்க்கும். அதற்கு மண் ஈரலிப்பு என்று போடுங்கள், ஊரில் சொல்லுகிற சொல்.

ஒப்பீட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, கவனித்தீர்களா? நம் உலர் வலயத்துக்கு மேல்வரம்பு ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றர் மழை. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி ஆயிரத்தையே எட்டாது. நாம் 'உலர்' என்பதை அவர்கள் நல்ல மழை என்பார்கள். 2016இல் வடகீழ்ப் பருவமழை இரண்டு கரையிலும் பொய்த்தது. அங்கே 62 சதவீதம் குறைவு, அடுத்த ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். மழை ஒன்றாகப் பொய்த்தாலும் மண் ஒன்றல்ல. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வன்னியின் செங்கபில மண் நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் கல்.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் பகல்

கொழும்புக் காலி வீதியில் கணுக்கால் தண்ணீர், நான் வறட்சிக்குச் சொல் தேடுகிறேன். சரி, ஈரலிப்பை எடுத்துக்கொண்டேன்.

மற்றதற்கு அம்மாவின் மருந்துப் போத்தல் உதவியது. 'வெயில் படாத இடத்தில் வைக்கவும்.' வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, கண் படுகிறது. ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுவதைத்தான் சொல்கிறோம். கெட்டுப்போனதா என்பது அடுத்த பேச்சு. ஆக 'வறட்சி படுநிலை', 'வறட்சி படும் பரப்பு', 'வறட்சி படும் மக்கள்தொகை'. என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து

படுகொலை, படுதோல்வி, படுமோசம், படுநிலை! வரிசை நன்றாக இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து

மாஸ்டர், நீங்கள் தந்த குறளே 'சாலப் படும்' என்றுதான் முடிகிறது. அங்கே படுவது விளைச்சல்.

தெஹிவளையிலிருந்து

இதற்குப் பதில் வராது, பாருங்கள். எனக்கு இன்னும் முகங்கொடுத்தல்தான், ஆனாலும் படும் பரப்பு வாக்கியத்தில் நன்றாக உட்காருகிறது. படுநிலை மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. போடுங்கள்.

நாரஹேன்பிட்டியிலிருந்து

எனக்கும் சரி.

கோயம்புத்தூரிலிருந்து

எங்கள் பிரதியில் வெளிப்பாடு என்றே இருக்கும். நாங்கள் மாற்றுவதாக இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து, வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குள் 'வெளிப்பாடு' சேர்த்திருக்கிறேன். சண்டைக்கு வரவேண்டாம், நித்திரையில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து

அனுப்பியாயிற்றா? 'நீண்டகால' என்பதை ஒருவரும் கேட்கவில்லையே. அது 'நெடுங்கால' என்றல்லவா இருக்கவேண்டும்?