ஸ்டார் வார்ஸ் பாணியில் கப்பல் மாதிரியும், மஞ்சளேறிய ஒரு பழைய பொம்மையும்: ஆலோசனை தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1977-இல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் மீது எனக்குத் தீராத பற்று உண்டு. அந்த உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் சரக்கு ஏற்றிச் செல்லக்கூடிய, ஆனால் படத்தில் வராத ஒரு கப்பலை நானே வரைந்து, ஒன்றரை அடி நீளத்தில் பிளாஸ்டிக் தகடுகளால் கட்டியிருக்கிறேன். வடிவம் மனத்துக்கு நிறைவாக வந்திருக்கிறது. சாம்பல் நிற அக்ரிலிக் பூசிய பிறகோ, அது விளையாட்டுச் சாமானாகவே கண்ணுக்குப் படுகிறது. கறுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மேலே பூசியும் பார்த்தேன். அழுக்கேறியது போல் இருக்கிறதே தவிர, பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த தோற்றம் வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாய்மாமா சிறு வயதில் வைத்திருந்த, கென்னர் நிறுவனம் செய்த ஸ்டார்ம்ட்ரூப்பர் (படத்தில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்) பொம்மையை எனக்குக் கொடுத்திருக்கிறார். கைகால்கள் நன்றாக மஞ்சளேறிவிட்டன. மார்புப் பகுதி மட்டும் ஓரளவு வெள்ளையாக இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி 1

நான் கப்பலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படத்துக்கான மாதிரிகளைக் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் இருந்த பட்டறையில் செய்தவர்கள், கடைகளில் கிடைக்கும் டாங்கி, விமான மாதிரிப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, அவற்றின் சிறு உறுப்புகளைக் கப்பலின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். நாம் கிரீப்ளி என்று சொல்வது இந்த நுண் உறுப்புகளைத்தான். வெறுமையான பரப்பைக் கண் சிறியதாக எடைபோடும்; நுணுக்கம் கூடக் கூடப் பொருள் பெரியதாகத் தோன்றும்.

அதற்காக எங்கும் அள்ளித் தெளித்தாற்போல் ஒட்டிவிடாதீர்கள். படத்தில் நாயகர்கள் பயணிக்கும் மில்லெனியம் ஃபால்கன் கப்பல் வரும் காட்சியை நிறுத்திப் பாருங்கள்: பக்கச் சுவர்களிலும் மேல்தட்டின் பள்ளங்களிலும் உறுப்புகள் நெருக்கியடித்துக் கிடக்க, மற்ற தகடுகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. அந்த அமைதி இருப்பதால்தான் நெருக்கம் எடுபடுகிறது. ஒரு குழாயை ஒட்டினால் அது எங்கிருந்து கிளம்பி எங்கே நுழைகிறது என்பது தெரிய வேண்டும்.

அளவையும் கவனியுங்கள். 1977 படத்துக்கான ஃபால்கன் மாதிரி ஏறத்தாழ 5 அடி நீளமுடையது. 1980-இல் வந்த அடுத்த படத்துக்கு 32 அங்குலத்தில் இன்னொன்று செய்தார்கள். உங்களுடையது அதிலும் சிறியது என்பதால், 1/35 அளவு (அசலில் 35-இல் ஒரு பங்கு) டாங்கிச் சக்கரம் அதில் ஒட்டினால் சக்கரமாகவே தெரியும். 1/72 விமானங்கள், 1/700 போர்க்கப்பல்கள் ஆகியவற்றின் உறுப்புகளைத் தேடுங்கள். அவற்றையும் வெட்டியோ கவிழ்த்தோ ஒட்டினால் மூலம் எதுவென்று தெரியாது. பாட்டில் மூடிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன்; மாதிரிகளுக்கான பசை அவற்றில் பிடிக்காது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். வண்ணத்தைப் பொறுத்தவரை, கறுப்பு வாஷை (நீர்க்கக் கரைத்த வண்ணத்தை) மேற்பரப்பு முழுவதும் பூசியதுதான் சிக்கல். அழுக்குக்கு ஒரு காரணமும் ஒரு திசையும் உண்டு: எஞ்சின் வாய்க்குப் பின்னால் புகைக்கரி, கதவு விளிம்பில் தேய்மானம், குழாய் இணைப்பின் கீழே எண்ணெய்க் கசிவு.

முதலில் தகடுகளில் சிலவற்றுக்கு மட்டும் அடிப்படை நிறத்திலிருந்து மயிரிழை மாறுபடும் சாம்பலும் பழுப்பும் கொடுங்கள். ஃபால்கனின் மேல்தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துருச்சிவப்புத் தகடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேறொரு கப்பலிலிருந்து கழற்றி மாட்டியது போன்ற அந்த நிறமாற்றத்தை நான் வெகுவாக ரசிப்பேன். பிறகு பளபளப்பு வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்ததும், கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லியதாகக் கரைத்துத் தகடுகளின் இடுக்குகளில் மட்டும் ஓடவிடுங்கள். மிகுந்ததைத் துணியால் முன்னிருந்து பின்னாக, கப்பல் பறக்கும் போக்கில் துடைக்க வேண்டும். கரைப்பான் இடுக்கில் தேங்கினால் வண்ணம் பூசாத பிளாஸ்டிக் விரிசல் விடும். ஆகவே வார்னிஷ் எங்கும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் உரிந்த இடங்களுக்கு அலுமினிய நிறம் பூசி, அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்து, மேல்வண்ணம் கொடுத்த பின் ஈரத் தூரிகையால் தட்டினால், அது தானாகவே ஒழுங்கில்லாமல் உரியும். கையால் புள்ளி வைத்தால் அந்த ஒழுங்கின்மை வருவதில்லை. கடைசியாக மேட் வார்னிஷ்.

மறுமொழி 3

பொம்மையை வெளுக்க வேண்டாம் என்று உங்களை உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். புற ஊதாக் கதிர், வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றால் பிளாஸ்டிக்கே வேதிமாற்றம் அடைந்துதான் இந்த மஞ்சள் வருகிறது. கைகால்களும் மார்பும் ஒரே சீராக மாறாததற்கு, ஒவ்வோர் உறுப்பின் பிளாஸ்டிக்கும் வெவ்வேறாக இருப்பது ஒரு காரணம். பெராக்சைடு நிறத்தை மட்டுமே எடுக்கும், மாற்றத்தைத் திருப்பாது. சில காலத்தில் மஞ்சள் மீண்டும் வரலாம், திட்டுத்திட்டாகவும் வரலாம், பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையும் அடையலாம்.

சேகரிப்பாளர்களிடம் இன்னொரு கவலையும் இருக்கிறது. 1978-இல் வந்த முதல் பன்னிரண்டு பொம்மைகளில் ஒன்றான ஜாவா, தொடக்கத்தில் வினைல் அங்கியோடும் பிறகு துணி அங்கியோடும் விற்கப்பட்டது. அரிதான வினைல் அங்கிக்குப் போலிகள் பெருகிய பின், எந்தப் பழைய பொம்மையையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துவிட்டது. வேறு யார் கையும் படாமல், கொடுத்தவர் யார் என்று தெரிந்து உங்களிடம் வந்திருக்கும் பொம்மை அதனாலேயே அருமையானது. காலின் பின்புறத்தில் பொறித்திருக்கும் 1977 என்பது பதிப்புரிமை ஆண்டு, உற்பத்தி ஆண்டு அன்று; அதை வைத்துக் காலத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

மிதமான சோப்பு நீரில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் தூசியை மட்டும் எடுங்கள். மூட்டுகளை ஊறவைக்கக் கூடாது. மென்மையான பிவிசி உறையில் வைத்தால் அதிலுள்ள இளக்கிப் பொருள் பொம்மைக்குள் இறங்கிப் பிசுபிசுப்பாகும். பாலிப்ரொப்பிலீன் பெட்டியில், வெயிலும் வெப்பமும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொம்மையைத் தொடப்போவதில்லை, பெட்டிக்குள் அதனுடன் ஒரு சீட்டில் மாமாவின் பெயரையும் அவர் சொன்ன விவரங்களையும் எழுதி வைக்கிறேன். கப்பலில் ஒரு சந்தேகம்: ஏற்கெனவே பூசிய சாம்பல் வண்ணத்தை முழுவதும் அகற்றிவிட்டுத்தான் கிரீப்ளிகளை ஒட்ட வேண்டுமா?

மறுமொழி 2

முழுவதும் அகற்றத் தேவையில்லை. ஒட்டப்போகும் இடங்களில் மட்டும் வண்ணத்தைச் சுரண்டிப் பிளாஸ்டிக்கை வெளிக்கொணருங்கள். மாதிரிப் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் இணைக்கும், இடையில் வண்ணம் இருந்தால் பிடிப்பு இருக்காது. மற்ற பரப்பை நைசான உப்புத்தாளால் நீர் விட்டு லேசாகத் தேய்த்து, ஒட்டுவேலை முடிந்ததும் ஒரே பிரைமரைக் கப்பல் முழுவதற்கும் அடியுங்கள். பல பெட்டிகளிலிருந்து வந்த உறுப்புகள் அப்போதுதான் ஒரே உலோகத்தில் வார்த்தவை போலத் தெரியும்.