பாரிஸ், சுவிஸ், இத்தாலி 12 நாள்: டேட்டாவுக்கு இ-சிம்மா, லோக்கல் சிம்மா? ஓடிபி வருமா?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். அக்டோபரில் அப்பா, அம்மாவோடு பாரிஸ், இன்டர்லாக்கன், மிலன், ரோம். என்னிடம் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) வசதியுள்ள ஐபோன். அப்பாவின் பழைய சாம்சங்கில் இ-சிம் கிடையாது. இரண்டாவது சிம் இடத்தில் மெமரி கார்டு போட்டிருக்கிறார். அம்மாவுக்கு வாட்ஸ்அப் இருந்தால் போதும். பேங்க் ஓடிபி எல்லாம் என் இந்திய ப்ரீபெய்டு நம்பருக்குத்தான் வரும். மூன்று பேருக்கும் இங்கேயே ரோமிங் பேக் போடுவதா, இ-சிம்மா, பாரிஸில் இறங்கி சிம் வாங்குவதா? எத்தனை ஜிபி ஆகும்?

தந்திக்கம்பம்

ஓடிபியையும் டேட்டாவையும் ஒரே சிம்மில் தேடாதீங்க, அங்கேதான் செலவு ஏறுது. இந்திய சிம் எஸ்எம்எஸ் வாங்க மட்டும் இருக்கட்டும். டேட்டா வேற சிம்மில்.

இந்திய சிம்முக்கு ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது: கம்பெனி ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங் சேவையை ஆன் செய்யுங்க. இது பேக் போடுறதிலிருந்து வேற. சில பிளான்களில் இதுக்கே தனி ரீசார்ஜ் கேட்கும். வேலிடிட்டி திரும்பி வரும் தேதிக்கு ஒரு வாரம் தள்ளி இருக்கணும். அங்கே இருக்கும்போது வேலிடிட்டி முடிஞ்சா ஓடிபி நின்னுடும், ரீசார்ஜ் பண்ணவே ஓடிபி தேவைப்படும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்க பொதுவா கட்டணம் இல்லை. ஆனா பேக் இல்லாம அழைப்பை எடுத்தா நிமிஷக் கணக்கில் போகும். எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்கு ஃபார்வேர்டு ஆனாலும் காசு பிடிக்க வாய்ப்பு இருக்கு, அதனால ##002# டயல் செய்து எல்லா ஃபார்வேர்டையும் நீக்கிடுங்க.

இன்னொரு பொறி: இந்திய சிம்மை இ-சிம்மா மாத்தினாலோ, டூப்ளிகேட் சிம் வாங்கினாலோ 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் முடக்கப்படும். மோசடியைத் தடுக்க வந்த விதி. விமானத்துக்கு முந்தின ராத்திரி இந்த வேலையில் இறங்காதீங்க. உங்க விஷயத்தில் மாத்தவே வேண்டாம்னு சொல்வேன். போன் உடைஞ்சா பிளாஸ்டிக் சிம்மைக் கழட்டி அப்பா போனில் போட்டுக்கலாம்; இ-சிம்மை வெளிநாட்டில் இருந்து இன்னொரு போனுக்குக் கொண்டுபோறது தலைவலி.

பயண இ-சிம்மை வீட்டு வைஃபையில் இன்ஸ்டால் செய்துட்டு, அந்த லைனை ஆஃப் செய்து வைங்க. வாங்கும் முன் ஒண்ணு பார்க்கணும்: நாள் கணக்கு இன்ஸ்டால் செய்தவுடனே தொடங்குதா, அங்கே நெட்வொர்க் பிடிச்ச பிறகா? இ-சிம்மைச் சேர்க்க விற்றவர் அனுப்புற க்யூஆர் கோடு அதே போனில் இருந்தா ஸ்கேன் பண்ண முடியாது. ஐபோனில் ஐஓஎஸ் 17.4 முதல் படத்தை அழுத்திப் பிடிச்சா சேர்க்கும் வழி வரும். இல்லைன்னா எஸ்எம்-டிபி+ முகவரியையும் (இ-சிம் இறங்கும் சர்வரின் முகவரி) ஆக்டிவேஷன் கோடையும் கையால் தட்டலாம். பெரும்பாலான க்யூஆர் ஒரே தடவைதான் வேலை செய்யும், அதனால நெட் வரலைன்னு அவசரப்பட்டு இ-சிம்மை டெலீட் பண்ணிடாதீங்க.

இறங்கின பிறகு: டேட்டா லைன் = இ-சிம், அதில் டேட்டா ரோமிங் ஆன். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். ஐபோனில் 'அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' ஆஃப். இதை விட்டுட்டா சிக்னல் குறையுற இடத்தில் போன் தானா இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும். நம்பரை மாத்தவான்னு வாட்ஸ்அப் கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, பழைய நம்பரே ஓடும்.

எல்லைக்கல்

சுவிஸ் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 ஜூன் 2017 முதல் ஒரு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். நார்வே, ஐஸ்லாந்து, குட்டி லீக்டன்ஸ்டைன்கூட இந்த ஏற்பாட்டில் உண்டு. நடுவில் உட்கார்ந்திருக்கும் சுவிட்சர்லாந்து இல்லை. பாரிஸில் வாங்கும் சிம் ரோமில் சிக்கலின்றி ஓடும், இன்டர்லாக்கனில் நின்றுபோகலாம் அல்லது பேலன்ஸைத் தின்னலாம். சில கம்பெனிகள் தாமாக சுவிஸைச் சேர்த்துக் கொடுக்கின்றன. ஆகவே 'ஐரோப்பா' என்று அட்டையில் இருப்பதை நம்பாமல், நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டனுக்கும் இதே பேச்சு.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கல். ஜெனீவாவில் நிற்கும் போன் பிரெஞ்சு டவரைப் பிடிக்கும், பாசலில் ஜெர்மன் டவரையும் பிடிக்கும். சுவிஸ் இல்லாத சிம் வைத்திருந்தால் ரயில் எல்லை தாண்டும் முன் டேட்டாவை நிறுத்துங்கள். மிலன் பாதையில் சிம்ப்லான் சுரங்கம் கடந்து இத்தாலியின் டோமோடோசோலா வந்ததும் திரும்பப் போடலாம்.

கடையில் வாங்குவதானால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். விமான நிலையக் கடையில் விலை கூடுதல், ஊருக்குள் நெட்வொர்க் கம்பெனியின் சொந்தக் கடை நல்லது.

நொய்யல்கரை

நன்றி. அப்பா போனுக்கு என்ன செய்வது? என் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் கொடுத்தால் போதுமா?

மெகாபைட்_மாமா

மூணு பேரும் ஒண்ணாவே சுத்துனா ஹாட்ஸ்பாட் போதும். ஆனா ரோம் கூட்டத்துல அப்பா நாலு அடி பின்தங்கினா அவர் போன் வெறும் கேமராதான். அவருக்கு மட்டும் சுவிஸ் சேர்ந்த சின்ன பிளாஸ்டிக் சிம் வாங்கிக் கொடுங்க. மெமரி கார்டைக் கழட்டித்தான் ஆகணும், படங்களை முன்னாடியே காப்பி எடுத்துடுங்க. அந்த போன் ஒரே கம்பெனி சிம்முக்கு லாக் ஆகாததான்னு வேற கம்பெனி சிம் ஒண்ணைப் போட்டு ஊர்லயே பாருங்க.

அம்மாவுக்கு ஹாட்ஸ்பாட். 'அன்லிமிடெட்' பிளான் வாங்கறதா இருந்தா ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை ஜிபிக்கு மேல வேகம் குறையுதுன்னு சின்ன எழுத்துல தேடுங்க. அம்மா போன் பழசா இருந்து ஹாட்ஸ்பாட் பேரே தெரியலைன்னா, ஐபோன்ல 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' போடுங்க, பழைய போனும் பிடிக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இறங்கிடும். பேட்டரி கரையும், பவர் பேங்க் கட்டாயம்.

அளவு: மேப்புல வழி பார்க்கறது மணிக்கு சில எம்பிதான், அதைப் பத்திக் கவலையே வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோ கால் மணிக்கு முந்நூறு எம்பியைச் சுத்தி. 1080பி வீடியோ மணிக்கு ஒண்ணரை ஜிபியைத் தாண்டும். நிஜமா தின்கிறது பேக்கப்: கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் ரெண்டையும் வைஃபை மட்டும்னு மாத்துங்க. ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதானேன்னு அம்மா போன் உங்க டேட்டாவுல படத்தை ஏத்த ஆரம்பிக்கும். அந்த போன்ல பேக்கப்பையே நிறுத்திடுங்க. இதையெல்லாம் அடக்கினா உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 10 ஜிபி, அப்பாவுக்கு 3 ஜிபி தாராளம்.

ஆஃப்லைன் மேப் இறக்கி வைங்க. ஆனா கூகுள்ல ஆஃப்லைன்ல கார் வழி மட்டும்தான் வரும், நடை வழியும் பஸ், ரயிலும் வராது.

தந்திக்கம்பம்

விட்டுப்போனது ஒண்ணு. விமானத்தில் ஏரோபிளேன் மோடு கட்டாயம். சில விமானங்களிலும் கப்பல்களிலும் சொந்த மொபைல் நெட்வொர்க் உண்டு, இந்திய சிம் அதில் ஒட்டிக்கிட்டா தனிக் கட்டணம், சாதாரண நாட்டு பேக் அங்கே செல்லாது.

இறங்கினதும் சிக்னல் கோடு முழுசா இருக்கு, நெட் இல்லைன்னா இந்த வரிசையில் பாருங்க: டேட்டா லைன் இ-சிம்தானா, அதில் ரோமிங் ஆனா (பயண இ-சிம் பெரும்பாலும் வேற நாட்டு நம்பர், ரோமிங் ஆன் இல்லாம ஓடாது), ஏபிஎன் (நெட்டுக்கான இணைப்புப் பெயர், செட்டிங்ஸில் இருக்கும்) இ-சிம் விற்றவர் மெயிலில் கொடுத்ததுதானா. பிறகு ஏரோபிளேன் மோடு போட்டு எடுங்க. அப்பவும் வரலைன்னா நெட்வொர்க் தேர்வில் 'ஆட்டோமேட்டிக்'கை எடுத்துட்டு, இ-சிம் விற்றவர் சொன்ன கூட்டாளி கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்க. சுவிஸில் ஸ்விஸ்காம், சன்ரைஸ், சால்ட் மூணு பேர் பட்டியலில் தெரியும். ஓடிபி வரலைன்னாலும் இந்திய சிம்முக்கு இதே கைத்தேர்வுதான். புது நெட்வொர்க்கில் பதிவாக ரெண்டு மூணு நிமிஷம் எடுக்கும், அதுக்கப்புறம் ஓடிபியை மறுபடி கேளுங்க.