ஏடிஆரை விட்டு ஏர்பஸ்ஸுக்குப் போகலாமா?

செங்கோட்டைக்காரன்: வயசு 41, ஏடிஆர் 72-ங்கிற சின்ன புரொப்பல்லர் விமானத்துல கேப்டன். வளைகுடா விமானக் கம்பெனி ஒண்ணு ஏர்பஸ் ஏ320 ஜெட்டுக்குக் கூப்பிடுது, ஆனா வலது சீட்டு, அதாவது துணை விமானி வேலை. சம்பளம் கூடுதல்தான். இப்போ லீவுன்னா திருவனந்தபுரத்துல இறங்கி, ஆரியங்காவு வழியா சாயங்காலம் வீடு. அம்மா தனியா இருக்கா. என்ன செய்ய?

புனலூர் பாசஞ்சர்: அண்ணாச்சி, சம்பளத்தை விடுங்க. சீனியாரிட்டில கடைசி ஆளா நிப்பீங்க; லீவு, ரோஸ்டர் (டூட்டி அட்டவணை), கேப்டனோட இடது சீட்டு எல்லாம் அந்த வரிசைப்படிதான். குற்றாலச் சாரலை போட்டோல பாக்க வேண்டியதுதான்.

தென்காசி மாப்ள: டைப் ரேட்டிங் (அந்த விமானத்தை ஓட்டுறதுக்கான பயிற்சி, தகுதி) செலவு யாருது? பாண்ட், அதாவது விட்டுப் போக மாட்டேன்னு எழுதிக் குடுக்கிறது, எத்தனை வருசம்? எழுத்துல வாங்கு மக்கா. நம்ம நாட்டு விமானத் துறை கட்டுப்பாட்டு அமைப்பு டிஜிசிஏ விதிப்படி, வேலையை விட கேப்டனுக்கு நோட்டீஸ் 12 மாசம். புதுக் கம்பெனிக்காரன் அதுவரை காத்திருப்பானா?

செங்கோட்டைக்காரன்: செலவு அவங்க, பாண்ட் 3 வருசம். நோட்டீஸ் பத்திக் கேட்டா பதிலே இல்ல.

புனலூர் பாசஞ்சர்: பதில் வராம ராஜினாமா குடுத்துறாதீங்க. 65 வயசு வரைக்கும் பறக்கலாம்லா.