ஆறடி மீன் தொட்டிக்கு சம்ப் வடிகட்டியா, கானிஸ்டர் வடிகட்டியா?

தக்கலைக்காரன்:
முன்னறையில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன் தொட்டி வைத்துவிட்டேன். நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர். நான்கு ஆஸ்கர் மீன்களுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. கடைக்காரர் பெரிய கானிஸ்டர், அதாவது மூடிய டப்பா வடிகட்டி, ஒன்று போதும் என்கிறார். தொட்டிக்குக் கீழே திறந்த தொட்டியில் தண்ணீரை வடிகட்டிப் பம்பால் மேலேற்றும் சம்ப் வைத்தால் தரை நனையும் என்று என் மனைவி முறைக்கிறாள். இங்கே மழைக்காலத்தில் ரப்பர் மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் அன்றைக்கு மின்சாரம் அவ்வளவுதான். எதை வாங்கலாம்?

குழித்துறைக்காரன்:
மின்சாரம் போகும் ஊருக்கு சம்ப்தான். கானிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால், கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பல நாள் ஆனது. வந்த மகிழ்ச்சியில் கானிஸ்டரைக் கழுவாமல் அப்படியே போட்டேன். அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. மூன்று ஆண்டு என் கையில் தீனி வாங்கித் தின்ற ஆஸ்கர் மறுநாள் காலையில் மிதந்தது.

தரை விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது சரி. பம்ப் நின்றதும் மேலேற்றும் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பிவரும். உங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 28 லிட்டர். அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போடுங்கள். காற்று புகுந்ததும் நின்றுவிடும். சம்பிலும் மேலே காலியிடம் விடுங்கள்.

மணிக்கு 3000 லிட்டராவது தொட்டிக்கு வந்துசேர வேண்டும். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். உயரம் ஏற ஏற அது குறையும்.

நாகர்கோவில் வாசகர்:
நான் கானிஸ்டரை இன்வெர்ட்டரில் போட்டிருக்கிறேன், தொல்லையில்லை. ஆனால் அண்ணாச்சி, எதை வாங்கினாலும் மீனை உடனே விடாதீர்கள். நுண்ணுயிர் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து அலசுங்கள்.

தக்கலைக்காரன்:
சம்புக்குக் கண்ணாடி வெட்ட மார்த்தாண்டத்தில் சொல்லிவிட்டேன். மீன்கள் கடையிலேயே இருக்கட்டும். அந்தத் துளை எவ்வளவு பெரிது?

குழித்துறைக்காரன்:
கால் அங்குலம். பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை ஈர்க்கிலால் குத்திவிடுங்கள்.