ட்ராக் டேக்கு முன் காரின் பிரேக்கைத் தயார்செய்வது: கேமன், இருங்காட்டுக்கோட்டை, மற்ற சில கார்கள்

சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டயர், எக்ஸாஸ்ட், ரீமேப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். பிரேக்கைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் மூன்றாவது சுற்றில் பெடல் தரையைத் தொட்ட பிறகுதான் வருகிறது. அதை முன்கூட்டியே பேசிவிடலாம் என்றுதான் இந்தத் திரி. நடுவில் பேட் பற்றிய பகுதியைத் தம்பி ஒருவர் எழுதுகிறார், மற்றது நான். உதாரணத்துக்கு போர்ஷே 718 கேமனை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து வரும்போதே பிரேக் நன்றாக இருக்கிற கார். அதற்கே இவ்வளவு வேலை இருக்கிறது என்றால் மற்ற கார்களுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் சூட்டின் அளவு. ஆளும் பெட்ரோலும் சேர்த்து 1,450 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 70க்கு இறங்கும்போது சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முன் பிரேக்குக்குப் போகும். ஒரு முன் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) சூடேறும் இரும்பு எட்டு கிலோ என்று வைத்தால், ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் 135 டிகிரி வரை ஏறும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. சுற்றில் 12 வளைவுகள். எல்லா வளைவுக்கும் பிரேக் தேவையில்லை. ஆனால் தேவைப்படும் இடங்களுக்கு நடுவே டிஸ்க் ஆறக் கிடைப்பது சில நொடிகள்தான். ஊருக்குள் ஒரு வருடம் ஓட்டினாலும் வராத சூடு பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

இந்தச் சூட்டில் பிரேக் நான்கு விதமாகக் கைவிடும். நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். பெடல் பஞ்சுபோல் இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் பேட் (டிஸ்க்கைப் பிடித்து உரசும் கட்டை) தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. கெர்ப் (வளைவின் ஓரத்து மேடு) மீது ஏறி இறங்கியதும் முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது மிதி சரியாக இருந்தால், டிஸ்க் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. வீல் பேரிங்கைப் பாருங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்லப்படுபவற்றில் பலவும் இந்தக் கேஸ்தான். இது எதையும் பார்க்காமல் ஆறு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொதிக்கிற ஆயில் ஆறு பிஸ்டனுக்குள்ளும் கொதிக்கும்.

*

முதலில் ஆயில். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு அந்த எல்லை 155. டாட் 5.1க்கு 260, 180. சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஆயில் அந்த ஈரத்தை ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் இழுத்துக்கொண்டே இருக்கும். போர்ஷே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அது ரோட்டுக்கான கணக்கு. ட்ராக்குக்குப் போவதற்கு முந்தைய வாரம் புது ஆயில் கட்டாயம்.

ட்ராக்குக்கான பிரேக் ஆயில்களில் மோட்டுல் ஆர்.பி.எஃப் 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி, ஈரம் ஏறினால் 205. ஆர்.பி.எஃப் 660 புதிதில் 325, ஈரத்தில் அநேகமாக அதே 205. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ட்ராக்குக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றுகிறவருக்கு 600 போதும். மாற்றச் சோம்பல்படுகிறவருக்கு காஸ்ட்ரால் ரியாக்ட் எஸ்.ஆர்.எஃப். விலை பல மடங்கு, ஆனால் ஈரம் ஏறியும் 270 பக்கத்தில் நிற்கும். பெயரைப் பார்த்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், இந்த வகைகளோடு கலக்கவே கூடாது.

முழுவதும் மாற்ற ஒரு லிட்டர் வேண்டும். அரை லிட்டர் பாட்டில் இரண்டு. திறந்த பாட்டிலை அடுத்த முறைக்கு எடுத்து வைக்க வேண்டாம். பிரஷர் ப்ளீடரை (ஆயிலை அழுத்தித் தள்ளும் கருவி) 1.5 பார் அளவில் வைத்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் டப்பா மூடி ஓரத்தில் கசியும். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) மிகத் தூரம் பின் இடது சக்கரம். வழக்கமாக அங்கே தொடங்கி பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரவேண்டும். உங்கள் காரின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. கேமனில் ஒவ்வொரு காலிப்பருக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு நிப்பிள் (ஆயிலை வெளியே விடும் திருகு). வெளியே தெரிகிறதை மட்டும் திறந்துவிட்டு விடும் மெக்கானிக்குகள் உண்டு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். மொத்தம் எட்டையும் திறந்தாக வேண்டும். மேனுவல் கியர் கேமனில் கிளட்சுக்கும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, அதையும் சேர்த்து எடுங்கள். அலுமினியக் காலிப்பரில் நிப்பிளை முழு பலத்தோடு முறுக்கினால் மரை போய்விடும்.

பழைய வண்டியாக இருந்தால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரை வரை மிதிக்கும் முறையைத் தவிர்ப்பது நல்லது. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். சீல் அங்கே போய் உரசிக் கிழிந்தால் மாஸ்டர் சிலிண்டரே போச்சு. மிதித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். ஆயில் காரின் பெயின்டில் சிந்தினால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

*

அண்ணா, ஆயில் மேட்டர் கரெக்ட். பேடு பத்தி நான் சேர்த்துடறேன்.

கம்பெனி பேடு காலைல ஜில்லுனு இருக்கும்போதே பிடிக்கற மாதிரி பண்ணது. ட்ராக் சூட்டுல அதுல இருக்கற பசை ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு வழுக்கல் உண்டாகும். ட்ராக்குக்கு ஓட்டிட்டுப் போயி, அதே காருல வீட்டுக்கும் வரணும்னா ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி நடுத்தரம் சரியா இருக்கும். ரேஸ் பேடு போட்டா குளிர்ச்சியா இருக்கும்போது முதல் மிதி பிடிக்காது, கீச்சுனு கத்தும். அதோட தூசி ரிம்முல ஒட்டி, மேல மழை பட்டா துருப் புள்ளியா நின்னுடும். முன்னாடி மட்டும் நல்ல பேடு போட்டுட்டு பின்னாடி கம்பெனி பேடே விடறது நிறைய பேரு பண்றாங்க. அப்போ முன்சக்கரத்துல ஏபிஎஸ் சீக்கிரம் வரும், பின்சக்கரம் வேலையே செய்யாது. உல்டாவா பின்னாடி மட்டும் வலுவா போட்டா அது ஆபத்து, வளைவுக்குள்ள பிரேக் பிடிச்சா கார் சுத்திடும். நாலு சக்கரத்துக்கும் ஒரே வகை போடுங்க.

கேமன்ல பேடு மாத்தும்போது ஒண்ணு கவனிக்கணும். கம்பெனி பேடு முதுகுல அதிர்வுக்கான டேம்பர் இருக்கும், அது பிஸ்டன் குழிக்குள்ள உட்கார்ந்து பேடோட ஒட்டிட்டு இருக்கும். அவசரப்பட்டு இழுக்காம, தகடு மாதிரி ஏதாவது விட்டு மெதுவா பிரிங்க. ட்ராக் பேடுக்கு அது தேவையில்ல. பேடு தேஞ்சதைச் சொல்ற சென்சார் வயருக்கு புது பேடுல இடம் இல்லன்னா வயரை அறுத்து விட்டுடாதீங்க, லைட்டு எரிஞ்சுட்டே இருக்கும். வயர் முனைகளை இணைச்சு சர்க்யூட்டை மூடி, டிஸ்க் பக்கம் போகாம டை போட்டுக் கட்டுங்க.

பேடு பாதிக்கு மேல தேஞ்சா ட்ராக்குக்கு வேண்டாம். சென்சார் லைட்டு ரெண்டு மூணு மில்லிமீட்டர்லதான் வரும், அதை நம்பக்கூடாது. பேடுல உரசற பொருள்தான் சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்கற சுவர். அது மெலிஞ்சா சூடு நேரா ஆயிலுக்குப் போகும். ஆயிலை மாத்தியும் கொதிக்குதுன்னு புலம்பறவங்க பேடு கனத்தைத்தான் முதல்ல அளக்கணும்.

பெட்டிங் (புது பேடையும் டிஸ்க்கையும் ஒண்ணோட ஒண்ணு பழக்கறது) பத்தி: புது பேடு, புது டிஸ்க்கை நேரா முழு வேகத்துல ஓட்டக்கூடாது. ரோட்டுல செய்ய இடம் இல்ல, செய்யவும் கூடாது. ட்ராக்குல முதல் செஷனை (ஒரு தடவை இறங்கி ஓட்டற நேரம்) இதுக்குன்னே ஒதுக்குங்க. 100லேர்ந்து 30 வரைக்கும் நடுத்தரமா எட்டு தடவை, அப்புறம் கொஞ்சம் வேகமா நாலஞ்சு தடவை பலமா. முழுசா நிறுத்தக்கூடாது. நின்னா பேடு உருவம் டிஸ்க்குல அச்சு மாதிரி பதிஞ்சிடும். அப்புறம் ஒரு சுத்து பிரேக்கையே தொடாம ஓட்டிட்டு பிட்டுக்கு (ட்ராக் ஓரத்துல கார் நிறுத்தற இடம்) வந்து நல்லா ஆற விடுங்க. டிஸ்க் முழுக்க ஒரே மாதிரி நீலம் கலந்த சாம்பல் நிறம் வந்தா சரியா பிடிச்சிருக்கு.

*

தம்பி சொன்னது எல்லாம் சரி. ஒன்று விட்டுப்போனது: வேறு வகை பேடு ஏற்கெனவே ஓடிய டிஸ்க்கில் புது வகையைப் போட்டால் பழைய படிவத்தின் மேல் புதியது ஒழுங்காக உட்காராது. டிஸ்க்கை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், அல்லது ட்ராக் பேடுக்குத் தனி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் தலைவலி இல்லாதது.

இனி காற்று. கேமனுக்கு மலிவான, நல்ல மேம்பாடு போர்ஷே 911-இன் 991 ஜிடி3 மாடலுக்கான காற்றுத்தகடுகள். சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டுதான், காரின் அடியில் ஓடும் காற்றைப் பிரேக் பக்கம் திருப்பும். அது போதாதபோது பம்பரிலிருந்து 76 மி.மீ. விட்டமுள்ள சிலிக்கான் குழாய். குழாயின் வாய் டிஸ்க்கின் நடுவட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நுழையும் காற்றைத்தான் டிஸ்க்கின் உள்துடுப்புகள் உறிஞ்சி வெளியே தள்ளும். உரசும் முகத்தின் மேல் நேராக ஊதினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகவே இருக்கும், டிஸ்க் கூம்பு போலச் சாயும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, குழாய் டயரில் உரசுகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

கேமனின் டிஸ்க்கில் துளைகள் உண்டு. ட்ராக் சூட்டில் அந்தத் துளைகளிலிருந்து மயிரிழை வெடிப்பு கிளம்பும். தனித்தனிச் சிறு கோடுகள் சகஜம். ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாலோ, டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டாலோ, நகத்தால் வருடினால் தட்டுப்பட்டாலோ கழற்றிப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது துளையில்லாத, கோடு மட்டும் வெட்டிய டிஸ்க் வாங்குங்கள். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெர்னியர் வைத்தால் தேயாத ஓரத்து மேட்டில் உட்கார்ந்து தப்புக் கணக்குக் காட்டும்.

சூட்டை அளக்க பிட்டில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி நீட்டுகிறார்கள். பளபளப்பான டிஸ்க்கில் அது குறைத்துத்தான் காட்டும். தவிர பிட்டுக்கு வந்து சேர்வதற்குள் டிஸ்க் பாதி ஆறியிருக்கும். டிஸ்க் விளிம்பில் பூசும் சூட்டுப் பெயின்ட் வாங்குங்கள். பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-இலும், சிவப்பு 610-இலும் நிறம் மாறும். மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் கோடாக இழுத்துவிட்டு ஒரு செஷன் ஓட்டினால், பேடின் எல்லையோடு ஒப்பிட உண்மையான எண் கையில் இருக்கும். அதைப் பார்த்த பிறகு குழாய் வேண்டுமா, பேட் மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

*

கேமன் இல்லாதவர்களுக்காக. போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ் போன்றவற்றின் முன்பக்கம் ஒற்றைப் பிஸ்டன் நகரும் காலிப்பர். இதில் பேட் ஆப்பு வடிவத்தில் தேய்ந்திருந்தால் பேட் மீது குற்றம் இல்லை, காலிப்பர் நகரும் பின் இறுகியிருக்கிறது. கழற்றி, துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண வீல் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி, மறுபடி இறுகும். இங்கே கிடைத்த போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் பின்னால் டிரம் என்பதால் முன்பேட்தான் எல்லாம்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (கார் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) ஆனில் இருந்தால் நீங்கள் மிதிக்காத நேரத்திலும் அது பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். வளைவில் ஃபோக்ஸ்வாகன் குடும்பக் கார்களின் எக்ஸ்டிஎஸ் என்ற அமைப்பு உள்முன்சக்கரத்தைப் பிடிக்கும். போர்ஷேயின் டார்க் வெக்டரிங் உள்பின்சக்கரத்தை. பின்பேட் முன்பேடைவிட வேகமாகத் தேய்ந்தால் காரணம் அதுதான். முதல்முறை வருகிறவர் அதை அணைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். அதன் மஞ்சள் லைட் அடிக்கடி மினுக்கினால் ஓட்டும் விதத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், பேட் பிழைக்கும்.

ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஆயில் ஹோஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெடல் கொஞ்சம் இறுக்கமாகும். சூட்டுப் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை, கடைசியில் வாங்குங்கள்.

*

அன்றைய நாளின் வேலைகள் சில. சக்கர போல்ட்டை டார்க் ரெஞ்சில் கேமனுக்கு 160 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள், சூடாக இருக்கும்போது வேண்டாம். செஷனை 15 நிமிடத்தில் முடியுங்கள், கடைசிச் சுற்று முழுவதும் பிரேக்கைத் தொடாமல் நான்காவது, ஐந்தாவது கியரில். பிட்டில் நின்றதும் பெடலிலிருந்து காலை எடுங்கள். ஹேண்ட்பிரேக் போடக்கூடாது. மேனுவல் கியர் காரைக் கியரில் விட்டு டயருக்குக் கல் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் எஞ்சினை அணைத்ததும் தானாகப் பிடிக்கிற வகையாக இருந்தால் அதை எப்படி விலக்குவது என்று வீட்டிலேயே மேனுவலில் படித்துவிட்டு வாருங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் தாங்கிய பிரேக் டெல்லிக்குப் பக்கத்து புத் சர்க்யூட்டில் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே மூன்றாவது வளைவுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்க்கோடு. வேகம் 180-க்குப் பதில் 230 ஆனால், அதே 70-க்கு இறங்கும்போது டிஸ்க்குக்குப் போகும் சூடு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. கோவை கரி ஸ்பீட்வேயில் வேகம் குறைவு, ஆனால் சுற்று 2.1 கி.மீ.தான், ஆற இடமே இல்லை.

திரும்பும்போது பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறியதும் முதல் இரண்டு மூன்று மிதி ட்ராக் பேடில் மந்தமாக இருக்கும், மழை பெய்தால் இன்னும் மோசம். முன் வண்டியோடு இடைவெளி விட்டு, ஆள் இல்லாத இடத்தில் லேசாக மிதித்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் சக்கரத்தைக் கழற்றி, பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசி ரப்பர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். முன் காலிப்பர்களில் மட்டும் ஒரு நிப்பிளுக்கு 50 மி.லி. ஆயில் எடுத்துப் பாருங்கள். நிறம் கறுத்திருந்தாலோ குமிழி வந்தாலோ அடுத்த ட்ராக் டேக்கு முழு ஆயிலும் புதிது.