கெர்னலிலிருந்து நீக்கப்பட்ட கிகாசெட் இயக்கி: பழைய கெர்னலில் தங்குவதா, புதியதற்கு மாற்றி எழுதுவதா?

பழையகம்பி:
அனைவருக்கும் வணக்கம். பாரிமுனையில், லிங்கி செட்டி தெருவிலுள்ள ஒரு சுங்க முகவர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பவன் நான். அங்கே சீமென்ஸ் கிகாசெட் 4175 என்னும் ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) கார்ட்லெஸ் பேஸ் ஸ்டேஷன் ஒன்றும், அதனோடு நான்கு ஹேண்ட்செட்டுகளும் பல ஆண்டுகளாகப் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த பேஸ், அலுவலகத்து இபிஏபிஎக்ஸின் (உள் தொலைபேசி இணைப்பகத்தின்) உள் ஐஎஸ்டிஎன் போர்ட்டில் மாட்டப்பட்டுள்ளது. யுஎஸ்பி வழியாக ஒரு லினக்ஸ் கணினியோடும் இணைந்துள்ளது. அழைப்பு வரும்போதே அழைப்பவரின் எண்ணையும் நேரத்தையும் கணினி ஒரு கோப்பில் எழுதிவிடும். யாரும் எடுக்காத அழைப்புகளை முதலாளி மாலையில் அந்தக் கோப்பிலிருந்து பார்த்து, ஒவ்வொருவராகத் திரும்ப அழைப்பார்.

சென்ற வாரம் அந்தக் கணினியை டெபியன் 10-இலிருந்து 12-க்கு மாற்றினேன். அதுவரை நானே தொகுத்த 4.19 கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) 'பாஸ்_கிகாசெட்' என்ற இயக்கி மாட்யூல் வேலை செய்துவந்தது. இப்போதுள்ள 6.1-இல் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. யுஎஸ்பி பட்டியலில் 0681:0002 என்று கருவி தெரிகிறது. அதை எடுத்துப் பேசத்தான் ஆளில்லை. பழைய கெர்னலுக்கே திரும்புவதா, இயக்கியின் மூலநிரலை எடுத்துப் புதிய கெர்னலுக்கு ஏற்ப மாற்றுவதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

சந்தைக்காரன்:
இரண்டும் வேண்டாம். அந்தப் பெட்டியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கொடுத்துவிட்டு, ஐபி தொலைபேசிகளுக்கு மாறுங்கள். அழைப்புப் பட்டியல்தான் தேவையென்றால், பெரும்பாலான இபிஏபிஎக்ஸ்களில் எஸ்எம்டிஆர் என்ற வசதி உண்டு; சீரியல் போர்ட்டில் ஒரு கம்பியை மாட்டினால் ஒவ்வொரு அழைப்பின் விவரமும் தானாகக் கொட்டும். இதற்குப் போய்க் கெர்னலைக் குடைவானேன்?

பழையகம்பி:
எஸ்எம்டிஆரை முதலிலேயே பார்த்துவிட்டேன், நண்பரே. எங்கள் இபிஏபிஎக்ஸ் பேசி முடித்த அழைப்புகளை மட்டுமே பதிவு செய்கிறது. யாரும் எடுக்காத அழைப்பு அதன் கணக்கில் அழைப்பே இல்லை. எங்களுக்கு வேண்டியதோ அந்த எடுக்கப்படாத அழைப்புகள்தாம். எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முதலாளி சம்மதிக்க மாட்டார்; ஓடுகிற பொருளை ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டால், என்னிடம் பதிலும் இல்லை.

அடையாறுவாசி:
தொலைபேசித் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொல்கிறேன். அந்த இயக்கி உங்கள் கணினியில் தவறிப் போகவில்லை. அது கெர்னலிலிருந்தே வெளியேற்றப்பட்டது. 2006-இல் 2.6.17 பதிப்பில் உள்ளே வந்த கிகாசெட் இயக்கியை, 2019-இல் 5.3 பதிப்பு வந்தபோது, ஸ்டேஜிங் என்னும் காத்திருப்பு அறைக்கு அனுப்பினார்கள். ஐஎஸ்டிஎன்4லினக்ஸ் என்ற பழைய கட்டமைப்பு அதே பதிப்பில் முழுதுமாக நீங்கியது. 5.6 வந்தபோது கிகாசெட் ஸ்டேஜிங்கிலும் இல்லை. அதைக் கடைசியாகப் பராமரித்தவருக்கு ஐஎஸ்டிஎன் இணைப்பே இல்லாமல் போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இணைப்பே இல்லாதவர் இயக்கியை எதில் மாட்டிச் சோதிப்பார்?

ஆகவே என் யோசனை எளியது. ஒரு பழைய கணினியில் 4.19-ஐ நிறுவி, அதை இணையத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்து, பேஸை அதில் மாட்டிவிடுங்கள். 4.19-க்கான ஆதரவு 2024 டிசம்பரில் முடிந்தது உண்மைதான். ஆனால் வெளியுலகோடு தொடர்பில்லாத பெட்டிக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதற்கு?

நிரலோடை:
ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. இணையத்தோடு சேர்க்காத பெட்டி என்று சொல்வது எளிது. மாலையில் அந்தக் கோப்பை முதலாளி எப்படிப் பார்ப்பார்? பென்டிரைவிலா? முதல் வாரம் பென்டிரைவ், இரண்டாம் வாரம் அலுவலகத்து லேன் கம்பி, மூன்றாம் வாரம் அந்தப் பெட்டி எல்லாரோடும் சேர்ந்திருக்கும். அண்ணாசாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் இதே போல 'தனியாக' வைத்த ஒரு பழைய கணினியில், ஆறு மாதத்தில் யாரோ பிரின்டரைப் பகிர்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இயக்கியின் மூலநிரல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. பழைய கெர்னல் தொகுப்புகள் எங்கும் போய்விடவில்லை. அதை வெளியே எடுத்து, கெர்னலுக்கு வெளியே தொகுக்கப்படும் மாட்யூலாக மாற்றலாம். நிரல்கள் ஐஎஸ்டிஎன் கருவியோடு பேச உதவும் கேப்பி அடித்தளம்கூட முழுதாக நீங்கவில்லை, 5.3-க்குப் பிறகும் புளூடூத்தின் ஒரு பகுதிக்காக அதைக் கெர்னலில் விட்டுவைத்தார்கள். ஆகவே கிகாசெட் இயக்கி தொங்குவதற்கு ஒரு கொக்கி 6.1-இலும் உள்ளது.

அடையாறுவாசி:
தம்பி, கொக்கி இருக்கிறது. சுவர் எத்தனை நாள் நிற்கும்? அந்த இயக்கி டிடிஒய் (முனையம் போன்ற) கருவி ஒன்றையும் உருவாக்குகிறது. அதற்கு அது பயன்படுத்தும் பழைய ஒதுக்கீட்டுச் செயற்கூறு 5.15-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அதைத் திருத்துவீர்கள். அடுத்த பதிப்பில் வேறொன்று மாறும். கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல என்பது லினக்ஸ் வெளிப்படையாக வைத்திருக்கும் கொள்கை. கெர்னல் மூலநிரல் மரத்தின் உள்ளே இருக்கும் இயக்கியை மாற்றம் செய்பவரே சரிசெய்து தருவார், வெளியே இருப்பதை உடையவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். லிங்கி செட்டி தெருவில் கணினி பராமரிக்கும் ஒருவர் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பிறகு சி மொழியில் உட்கார வேண்டுமா?

இதில் இன்னொன்றும் உண்டு. பேஸ் நேரடியாக யுஎஸ்பியில் இருக்கும்போது, பி சேனல் (பேச்சும் தரவும் செல்லும் தடம்) தரவு ஐசோக்ரோனஸ் முறையில், அதாவது நேரம் தவறாத சீரான ஓட்டமாக வருகிறது. வினாடிக்கு 64 கிலோபிட் என்றால் ஒரு மில்லி வினாடிக்கு 8 பைட். எச்டிஎல்சி என்ற முறையில் கட்டிய தரவுச் சட்டகங்களைப் பிரிப்பதும், தொடர்ந்து ஐந்து 1 வந்தபின் செருகப்பட்ட 0-வை நீக்குவதும்கூட அந்த இயக்கிதான் செய்தாக வேண்டும். இதை ஒருவர் அரைகுறையாக மாற்றி எழுதினால் பிழை எங்கே என்று தேடுவதற்கே மாதங்கள் ஆகும்.



நிரலோடை:
ஐயா, நீங்கள் சொன்னதிலேயே எனக்கொரு விடை கிடைத்தது. ஐசோக்ரோனஸ் சிக்கல் முழுவதும் பி சேனலைப் பற்றியது. பழையகம்பி அவர்களுக்கு பி சேனலே தேவையில்லையே! அழைப்பவர் எண், அழைப்புச் செய்திகளுக்கான டி சேனலில் வருகிறது. பேஸ் அதை ஏடி செய்தியாக்கி (மோடம் பாணி எழுத்து வரி), யுஎஸ்பியின் கன்ட்ரோல், இன்டரப்ட் வழிகளில் கணினிக்குத் தருகிறது. எனவே 8 பைட் கணக்கும் எச்டிஎல்சியும் இங்கே எழவே எழா.

சந்தைக்காரன்:
அப்படியானால் நடுவழி ஒன்று சொல்கிறேன், சந்தைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெபியன் 12-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் கியூஎமு மெய்நிகர் கணினி ஒன்றில் 4.19-ஐ ஓட்டி, பேஸை அதற்கு யுஎஸ்பி வழியாகக் கைமாற்றிவிட்டால் என்ன? மெய்நிகர் கணினிக்கு வலைப்பின்னலே கொடுக்க வேண்டாம்; எழுதும் வரிகளை மெய்நிகர் சீரியல் போர்ட் வழியாக வெளியே அனுப்பினால் போதும். பி சேனல் தேவைப்பட்டிருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஐசோக்ரோனஸ் தரவு மெய்நிகர் கணினிக்குள் திக்கித் திக்கித்தான் போகும். ஒருவேளை பின்னாளில் பி சேனல் வேண்டுமென்றால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எம்105 யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள். அது பேஸோடு வயர்லெஸ்ஸில் பேசும்.

அடையாறுவாசி:
மெய்நிகர் கணினி யோசனை நன்று. என் 'தனிப் பெட்டி'தான் அதுவும், இரும்பு மட்டும் இல்லை. ஆனால் எம்105-ஐ இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். முதலில் அதை பேஸில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத எம்105-ஐ இயக்கி தொடங்க மறுத்துவிடும், பதிவு செய்வதற்கான சில கட்டளைகளை மட்டும் அனுமதிக்கும். அடுத்து, அழைப்பு வருவதை அறிய வேண்டுமானால் கால்-ஐடி முறை (ஒவ்வொரு அழைப்புக்கும் அடையாள எண் இடும் முறை) இயங்க வேண்டும். அந்த முறையில் எம்105 தன் டெக்ட் (கார்ட்லெஸ் தொலைபேசிகளின் வயர்லெஸ் முறை) இணைப்பை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். இந்த பேஸ்கள் ஒரே சமயத்தில் ஒரு டெக்ட் தரவு இணைப்பைத்தான் தாங்கும். யூனிமோடம் முறைக்கு மாற்றினால் இணைப்பு விடுபடும். ஆனால் வரும் அழைப்பு எதுவும் தெரியாது, வெளியே செல்லும் தரவு இணைப்பு மட்டுமே கிடைக்கும். யுஎஸ்பி கம்பியோடு நேரே மாட்டிய 4175 உங்களிடம் இருக்கும்போது, இந்தச் சுற்றுவழி ஏன்?

பழையகம்பி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சந்தைக்காரன் சொன்னபடி கியூஎமுவில் 4.19-ஐ ஓட்டினேன். எதிர்பாராத ஒரு வசதி: 6.1 கெர்னலில் கிகாசெட்டுக்கு இயக்கியே இல்லாததால், பேஸை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும்போது வெளிக் கெர்னல் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தொல்லை எதுவும் இல்லை. பாஸ்_கிகாசெட் ஏறியது, கேப்பி கருவி தோன்றியது.

ஆனால் பதிவேட்டில் ஒரு விந்தை. உள் எக்ஸ்டென்ஷன்களிலிருந்து வந்த அழைப்புகள் எல்லாம் பதிவாயின. வெளியிலிருந்து வந்தவற்றில் ஒன்றுகூட இல்லை. ஹேண்ட்செட்டின் திரையில் எண் தெரிகிறது, மணியும் அடிக்கிறது, கோப்பு மட்டும் ஊமை. பழைய நிரல் வன்தட்டோடு போய்விட்டதால், இப்போது புதிதாக எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அரை நாள் இபிஏபிஎக்ஸையும் கம்பிகளையும் சந்தேகித்தேன். ஆர்ஜே45 முனைகள் கடற்காற்றில் பச்சை பூத்திருந்ததால் 3, 4, 5, 6 ஆகிய நான்கு முனைகளையும் துடைத்தும் பார்த்தேன். பலனில்லை.

நிரலோடை:
கேப்பியில் அழைப்புக்குக் காத்திருக்கும் கோரிக்கையை அனுப்பும்போது சிஐபி மாஸ்க்காக (எந்தெந்த அழைப்பு வகைகள் வேண்டும் என்று குறிக்கும் எண்) என்ன கொடுத்தீர்கள்?

பழையகம்பி:
2. பேச்சு அழைப்புக்கு அதுதான் என்று நினைத்தேன்.

நிரலோடை:
அங்கேதான் பிழை. பேச்சு என்பது சிஐபி 1. மாஸ்க்கில் அதன் பிட் மதிப்பு 2. உங்கள் வெளி லைன் அனலாக் லைனாக இருந்தால், இபிஏபிஎக்ஸ் அதை 3.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோ என்று அறிவித்துத்தான் உள்ளே அனுப்பும். அது சிஐபி 4, அதன் பிட் மதிப்பு 16. டெலிஃபோனி என்ற வகை சிஐபி 16, அதன் பிட் மதிப்பு 65536. மூன்றையும் கூட்டி 65554 என்று கொடுங்கள். அழைப்பு வந்ததும் தரும் மறுமொழியில் நிராகரிப்பு மதிப்பு 1 ஆகவே இருக்கட்டும். 1 என்றால் 'நான் கவனிக்கவில்லை' என்று ஒதுங்கிக்கொள்வது. 2 கொடுத்தால் அது அழைப்பைத் துண்டிக்கச் சொல்வதாகிவிடும்.

பழையகம்பி:
65554 கொடுத்ததும் வெளி அழைப்புகள் பதிவாகின்றன. மிக்க நன்றி. இன்று காலை 11 மணிக்குள் பதினான்கு அழைப்புகள். எடுக்கப்படாதவை மூன்று, அவற்றில் ஒன்று முதலாளியின் மைத்துனர்.

அடையாறுவாசி:
மகிழ்ச்சி. ஆக, பழைய கெர்னலே வென்றது.

நிரலோடை:
ஐயா, நான் அதை வெற்றி என்று ஏற்கவில்லை. ஏடி செய்திகளைப் படிக்க மட்டும்தானே இவ்வளவும்? அதற்குக் கெர்னல் இயக்கியே வேண்டியதில்லை. லிப்யுஎஸ்பி என்ற நிரலகம் கொண்டு சாதாரண நிரல் ஒன்றே பேஸின் ஏடி சேனலைத் திறந்து, இன்டரப்ட் வந்ததும் செய்தியைப் படித்து, எண்ணைக் கோப்பில் எழுதிவிடலாம். கட்டளைகளின் எண்கள் எல்லாம் நீக்கப்பட்ட அந்த மூலநிரலில் பெயரோடு இருக்கின்றன. அந்த நிரல் 6.1-இலும் ஓடும், அதற்குப் பின் வரும் கெர்னல்களிலும் ஓடும். ஏனெனில் கெர்னலின் உள் இடைமுகங்கள்தாம் மாறுகின்றன, பயனர் பக்கத்து இடைமுகத்தை அவர்கள் உடைப்பதில்லை. மெய்நிகர் கணினிக்குள் ஆதரவு முடிந்த ஒரு கெர்னலை வைத்துப் பூஜை செய்ய வேண்டியதும் இல்லை.

அடையாறுவாசி:
எழுதுங்கள் தம்பி, ஓடினால் நானே பாராட்டுவேன். அதுவரை அவருடைய கோப்பில் வரிகள் விழுந்துகொண்டிருக்கட்டும். பழையகம்பி, ஒரு கேள்வி: மின்சாரம் போய் வந்தால் பேஸ் மீண்டும் மெய்நிகர் கணினிக்குள் தானாகச் சேருகிறதா?

பழையகம்பி:
முதலில் சேரவில்லை, ஐயா. யுஎஸ்பி பஸ் எண்ணையும் முகவரியையும் கொடுத்துக் கைமாற்றியிருந்தேன். மின்சாரம் வந்து பேஸ் மறுபடி எழுந்தபோது முகவரி மாறிவிட்டது. இப்போது 0681:0002 என்ற அடையாளத்தையே கொடுத்துவிட்டேன், தானாகச் சேர்கிறது. பேஸின் அடாப்டரையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றியாயிற்று. நிரலோடை அவர்கள் லிப்யுஎஸ்பி நிரலை எழுதினால், சனிக்கிழமை பிற்பகலில் அலுவலகம் காலியாக இருக்கும்போது சோதித்துச் சொல்கிறேன்.