பெயர் தெரியாத பவளம்: இடப்பக்கம் மட்டும் விரியவில்லை, எங்கே வைப்பது?

கேள்வி

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பதினான்கு மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். பத்து நாட்களுக்கு முன், ஒரு கடையின் மூலைத் தட்டில் விலை மட்டும் ஒட்டிப் பெயர் எழுதாமல் வைத்திருந்த, எலுமிச்சம்பழ அளவுள்ள பவளத் துண்டு ஒன்றை வாங்கினேன். பகலில் விரல் நீளப் பாலிப்புகளை (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்களை) நீட்டிச் சாமந்திக் கொத்துபோல அசைகிறது. தொட்டால் அத்தனையையும் உள்ளிழுத்துக்கொண்டு வெறும் கல்லாகிவிடுகிறது. கடைக்காரர் முதலில் கோனியோபோரா என்ற பவள வகை என்றார். பணம் கொடுக்கும்போது, அதைப்போலவே தோன்றும் அல்வியோபோராவாகவும் இருக்கலாம் என்றார்.

மூன்று நாட்களாக அதன் இடப்பக்கப் பாலிப்புகள் விரியவே இல்லை. வெப்பநிலை 26 டிகிரி, உப்புச்செறிவு (ஒப்படர்த்தியாக) 1.025, காரத்தன்மை 8 டிகேஎச் (அதன் அலகு), கால்சியம் 420 பிபிஎம், நைட்ரேட் 5 பிபிஎம். வெளிச்சம் அதிகமோ என்று இரண்டு முறை இடம் மாற்றிவிட்டேன். இது எந்தப் பவளம், எங்கே வைக்க வேண்டும்?

மறுமொழி 1

நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல இயலாது. ஒரே துண்டு இரண்டு விளக்குகளின் கீழ் இரண்டு நிறமாகத் தெரியும். பம்பை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, நன்றாக விரிந்த ஒரு பாலிப்பைக் கைபேசியில் மிக அருகில் படமெடுத்து, அதன் வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளை எண்ணுங்கள். 24 இருந்தால் கோனியோபோரா, 12 இருந்தால் அல்வியோபோரா. எட்டே இருந்து, ஒவ்வொன்றின் ஓரமும் இறகுபோலப் பிளவுபட்டிருந்தால் அது கல்பவள (கல் எலும்புக்கூடு கட்டும் பவள) வகையே அன்று. அதுவரை மறுபடியும் இடம் மாற்றாதீர்கள். இடப்பக்கம் என்ன இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்

மூன்று பாலிப்புகளை எண்ணினேன். ஒன்றில் 11 வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு கொம்பு அடியில் மடிந்திருந்தது தெரிந்தது. மற்ற இரண்டிலும் சரியாக 12. கொம்புகளின் நுனி சற்றே உருண்டிருக்கிறது. இடப்பக்கம் 9 சென்டிமீட்டர் தள்ளி கலாக்ஸியா என்ற வேறொரு பவளம் இருக்கிறது, ஆனால் அதன் பாலிப்புகள் ஒரு சென்டிமீட்டர்கூட நீள்வதில்லை.

மறுமொழி 2

அப்படியானால் உங்களுடையது அல்வியோபோரா. வெளிச்சத்தின் மேல் பழி போட வேண்டியதும் இல்லை. கலாக்ஸியாவைப் பகலில் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பாருங்கள்: கொட்டும் நீளிழைகளை அது வெளியே விட்டிருக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவை படுக்கும். என் தொட்டியில் ஒரு ஹாமர் பவளம் இப்படித்தான் இரண்டு வாரத்தில் போயிற்று. நான் உப்பையும் காரத்தையும் சோதித்துக்கொண்டே இருந்தேன்.

ஏற்கெனவே இரண்டு முறை அலைக்கழிக்கப்பட்ட புதியதை விட்டுவிட்டு, கலாக்ஸியாவை நகர்த்துங்கள். இடைவெளி குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். நீரோட்டம் கலாக்ஸியாவிலிருந்து மற்றவற்றின் மேல் பாயாத மூலையாகவும் இருக்கட்டும். அல்வியோபோராவுக்குத் தொட்டியின் கீழ்ப்பாதியில் மிதமான வெளிச்சம் போதும். பாலிப்புகள் ஒரே திசையில் சாய்ந்து கிடக்காமல் அங்குமிங்கும் அசையும் அளவுக்கு ஓட்டம் வேண்டும். அதன் எலும்புக்கூடு துளைகள் நிறைந்தது, எளிதில் நொறுங்கும். பாறை இடுக்கில் திணிக்காமல் அடியில் மட்டும் ஜெல் பசை வையுங்கள். இடப்பக்கத்தில் பழுப்புக் கூழ்போல ஏதாவது படிந்தால், அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் துண்டைத் தனியே வையுங்கள்.

கேட்டவர்

அன்றிரவு பதினொன்றரைக்குப் பார்த்தேன். கண்ணாடி நூல்போல நான்கு இழைகள் புதிய பவளத்தின் இடத்தோளில் கிடந்தன. நீளமானதைத் தொட்டிக்கு வெளியே அளவுகோல் வைத்துப் பார்த்தால் 12 சென்டிமீட்டர் இருந்தது. கலாக்ஸியாவை வலக்கோடி மணலுக்கு மாற்றி இன்று நான்காம் நாள். இடப்பக்கம் பாதியளவு விரிந்துவிட்டது. ஓரத்தில் நகக்கண் அளவு இடத்தில் சதை போய் வெள்ளைக் கூடு தெரிகிறது, கூழ் எதுவும் இல்லை. பசையை அடுத்த வாரம்தான் வைக்கப்போகிறேன்.